நாற்பத்தொரு வாத்துகள்

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். கப்பலில் உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சமையலறைக் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. மற்றதைப் போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். கிளம்பும் முன் ஃபிரிட்ஜில் நீங்கள் ஒட்டிய அறிவிப்புதான்: வீட்டில் இங்கிலீஷ் மட்டும். இன்று காலை பிய்த்தெடுத்தேன்.

நாம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வகுப்பு டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வந்து ஒட்டினீர்கள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். எனக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வா, உட்கார், சாப்பிடு, குளி, சீக்கிரம், தூங்கு. எட்டு மாதமாக நம் மகளிடம் நான் பேசியது இவ்வளவுதான். ஹாஸ்டல் வார்டன்கூட இதைவிட அதிகம் பேசுவார். நீங்கள் வாயாடி என்று பட்டம் கொடுத்த பெண், ஆறு வயதில் வாயில்லாப் பூச்சியாகிவிட்டாள். ஞாயிறுதோறும் போனில் அவள் யெஸ், நோ சொன்னதும் இங்கிலீஷ் வந்துவிட்டது என்று பூரித்துப்போனீர்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஒரு பெண்ணைப் போனில் பிடித்துக் கொடுத்தார்கள். வகுப்பு டீச்சர் ஒரு படிவத்தை நீட்டினார். பிள்ளைக்குப் புத்தி மந்தமாம், பேச்சு வரவில்லையாம், அதற்கென்று இருக்கிற தனி வகுப்புக்கு மாற்ற வேண்டுமாம்.

அவள் எங்கே உட்காருகிறாள் என்று காட்டச் சொன்னேன். கடைசி மேசை, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். மற்றவர்கள் கதை படித்தாலும் கணக்குப் போட்டாலும் இவளுக்கு வண்ணம் தீட்ட ஒரு படம். எல்லாம் அதே வாத்து. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தது. சத்தம் போடாமல் இருந்ததற்குப் பரிசாம். வாயை மூடியிருந்ததற்குப் பரிசும் கொடுத்துவிட்டு, வாய் திறக்கவில்லை என்று படிவமும் நீட்டுகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இங்கிலீஷ் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கென்று இந்த மாதம்தான் ஒரு துணை டீச்சர் வந்திருக்கிறார். வாரத்தில் இரண்டே நாள். அவர் அந்தப் படிவத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, எழுத்தே இல்லாத படப்புத்தகம் ஒன்றைத் தரையில் விரித்தார். உங்கள் மொழியிலேயே மகளுக்குக் கதை சொல்லுங்கள் என்றார். சொல்ல வாயெடுத்தேன். கடைசி மேசையில் இருந்த நம் பெண் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "வேணாம்மா, அப்பா திட்டுவாங்க" என்றாள் காதோடு.

எட்டு மாதம் கழித்து நம் மொழியில் அவள் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்பா திட்ட மாட்டாங்க என்று ஒரு பொய்யைச் சொல்லி அவள் கையை எடுத்தேன். பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். படத்தில் மழையில் ஒரு நாய். யார் கதவைச் சாத்தினார்கள், அது ஏன் குரைக்கவில்லை, அதற்கு அம்மா இல்லையா என்று அடுக்கிக்கொண்டே போனாள். முடிந்ததும் துணை டீச்சரின் கையைப் பிடித்து இழுத்து, தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள்: நாய்க்குப் பசி, யாரும் அதைக் கேட்கவில்லை. இதுவா மந்தம் என்று அவர் வகுப்பு டீச்சரைப் பார்த்தார். சொந்த மொழியில் வீட்டில் பேசப் பேசத்தான் இங்கிலீஷும் கூடவே வளரும், யார் உங்களைப் பேச வேண்டாம் என்றது என்று என்னிடம் கேட்டார். யார் என்று சொல்வேன்?

நான் கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்கும் ஒரு படிவம் அனுப்பிவிட்டார்களாம், தகப்பன் கையெழுத்து ஒன்றே போதுமாம். பள்ளிக்காரர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பேனாவை எடுக்காதீர்கள். எடுத்தால் நான் மன்னிக்க மாட்டேன். கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். அதில் பாதி என் மேலேயே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவளை வாயாடி என்று கூப்பிட்டு, பழையபடி நம் பேச்சிலேயே பேசுங்கள். நான் சொன்ன பொய்யை நீங்கள்தான் உண்மையாக்க வேண்டும்.

எட்டு மாதம் வாய்பொத்தி இருந்த,
உங்கள் மனைவி