தட்டிலிருந்து எடுத்த சோப்பு

கோயம்புத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நந்திதா கண்ணு,

இங்கே வீட்டில் எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்கப் பெருமாள் துணை நிற்கட்டும். முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். மாடியில் குடியிருக்கும் லோகப்பிரியா கொடுத்த சோப்பைப் போட்டு எனக்குக் கையும் கழுத்தும் வெந்துபோனதாக உன் அண்ணி அக்ஷிதா உன்னிடம் சொல்லியிருக்கிறாள், நீயும் போனில் கோபப்பட்டு அவளை உடனே காலி செய்யச் சொல்லுங்கள் என்றாய். அவள் கொடுத்த சோப்பை என் மேலுக்கு நான் போடவே இல்லை. தோல் வெந்தது உண்மை, அதற்குக் காரணம் நான்.

லோகப்பிரியா நீ ஊருக்குப் போன பிறகு குடிவந்தவள், சோமனூர்ப் பெண். புருஷன் தறிகளை விற்றுவிட்டு இங்கே ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறான், இவள் வீட்டிலேயே தேங்காயெண்ணெயில், மரிக்கொழுந்து வாசனையில் சோப்புச் செய்கிறாள். நம் காலனி மாதர் சங்கத்தில் இந்த நவராத்திரித் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்க அவளிடம்தான் சொல்லியிருந்தார்கள். ஜூலையில், முன்பே செய்து பக்குவமான சோப்பு ஒன்றைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, தேச்சுப் பாத்துட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்கம்மா என்று கொடுத்தாள். நல்லது என்று வாங்கிக்கொண்டேன். அவள் படியேறியதும், இந்த வயதில் எனக்கெதற்கு வாசனைக் குளியல் என்று, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பழனியாத்தாளிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்மார் எங்களுக்குச் சிவப்பு சோப்பைத் தவிர எதையும் அனுமதித்ததில்லை. உன் அப்பா போன பிறகு பூவையும் பவுடரையும் நானாகவே விட்டேன், யாரும் விடச் சொல்லவில்லை. அதற்காக எல்லோரும் என்னை மெச்சினார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் பழனியாத்தாள் வீடு கூட்டிக்கொண்டே என்னைக் கடந்து போனபோது அந்த மணம் வந்தது. பதினோரு வருஷமாக நான் தலையில் வைக்காத மரிக்கொழுந்து. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா, லோகப்பிரியாவிடம் இன்னொன்று கேட்கத்தான் வாய் வருமா. மனதை அடக்கிக்கொண்டேன், ஆகஸ்ட் வரைக்கும்தான். மாடி வராந்தாவில் நவராத்திரிக்கான சோப்பை வெட்டித் தட்டுகளில் அடுக்கியிருந்தாள், செப்டம்பர் பதினெட்டுக்கு முன் தொடக்கூடாது என்று சீட்டும் ஒட்டியிருந்தாள். சோப்பில் சேர்த்த காரம் அடங்க ஆறு வாரம் ஆகும், அதற்கு முன் போட்டால் தோல் வெந்துவிடும் என்று எனக்கே விளக்கியவள் அவள், சோப்பு என்ன மாம்பழமா பழுக்க வைக்க என்று சிரித்தவள் நான். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எடுத்தேன் என்று எழுதுகிறேன், திருடினேன் என்பதுதான் சரி. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்ட பிறகு, வாசனை வெளியே போகாமல் கதவிடுக்கில் துண்டை அடைத்து வைத்துவிட்டு, இரண்டு முறை அழுத்தித் தேய்த்துக்கொண்டேன்.

சாயந்திரத்துக்குள் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. மேல இருக்கறவங்க குடுத்த சோப்பாங்க அத்தை என்று அக்ஷிதா கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அவள் என் கையைப் படம் பிடித்து சங்கத்து குரூப்பில் போட்டுவிட்டாள், மறுநாளே சோப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லோகப்பிரியா இறங்கி வந்து, எங்க தப்புப் பண்ணுனேன்னே தெரியலீங்கம்மா, மன்னிச்சுக்கோங்க என்று நின்றாள். இனிமேலாவது கவனமாக இரு என்று அவளுக்கு நான் புத்தி சொன்னேன். அன்றைக்கே தட்டுகளில் இருந்த சோப்பை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டாள்.

போன சனிக்கிழமை பழனியாத்தாள் என் கழுத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, அந்த சோப்பை நானும் எம்பட புள்ளைங்களுந்தானுங்கம்மா போட்டோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே என்றாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க சொன்னா அதுல ஏதாச்சும் காரணம் இருக்குமுங்க என்றாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போய் லோகப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், கேட்டிருந்தா நல்லதா ஒண்ணு குடுத்திருப்பனேங்கம்மா என்றாள், அவ்வளவுதான். உட்காருங்க என்றுகூடச் சொல்லவில்லை. இனி செய்தாலும் நவராத்திரிக்குள் பக்குவமாகாது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அங்கே எழுந்து நின்று, சோப்பில் குற்றமில்லை, திருடிப் போட்டுக்கொண்டு பொய் சொன்னது நான் என்று சொல்லப்போகிறேன். வாசனைக்கு ஆசைப்பட்டதையும் சொல்வேன், திருட்டைச் சொல்வதைவிட அதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் அண்ணனிடமும் அக்ஷிதாவிடமும் இன்று சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வேன். உனக்குத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பத்தாவது படிக்கும்போது தோழி கொடுத்த ரோஜா சோப்பை உன் கையிலிருந்து பிடுங்கி எறிந்தேன், நல்ல வீட்டுப் பெண்ணுக்கு இதென்ன ஆசை என்று கேட்டேன். நீ அன்று சாப்பிடாமல் படுத்தாய். அது தப்பு, கண்ணு.

குழந்தைக்குக் குளிர் காலத்தில் தலையை ஈரமாக விடாதே. மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். மூவருக்கும் என் பூரண ஆசிகள். இதைப் படித்ததும் போன் செய்யாதே, உன் மனதில் இருப்பதை இருக்கிறபடி எனக்குக் கடிதமாக எழுது.

உன் அம்மா,
பத்மாவதி வேங்கடசாமி