சின்னவள் பொறுக்கி எடுத்த கம்ப்யூட்டர்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அடுத்த அறையில் இருக்கிற உன் தங்கை காதில் விழும், அவள் காதுதான் உனக்குத் தெரியுமே, நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை வெட்டி ஒட்டுகிற காது. அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, டாக்டர் சொன்னபடி நடக்கச் சொன்னால் மட்டும் என்னை முறைக்கிறார்.

பாலம் கட்டிய தொழிலாளிகளைப் பற்றிய படத்தை எடிட் பண்ண அவளிடம் கொடுத்தார்கள் அல்லவா, இதுவரை கல்யாண வீடியோவும் விளம்பரமும் செய்தவளுக்கு அதுதான் முதல் பெரிய படம். பழைய கம்ப்யூட்டர் அதைத் தாங்கவில்லை, நாலு கேமராவில் எடுத்ததை ஒன்றாக ஓடவிட்டால் திக்கித் திணறும், ஆள் வாயை மூடிய பிறகு குரல் வரும். முதல் பாதியை மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று டைரக்டரம்மா சொல்லிவிட்டார். அப்போதுதான் நீ விலை கூடின கிராபிக்ஸ் கார்டு போட்ட ரெடிமேட் மெஷின் ஒன்றைச் சொன்னாய், அவள் வேண்டாம் என்றாள், உனக்கு இதெல்லாம் தெரியாது, சொன்னதை வாங்கு என்று நீ கத்தினாய், அவள் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறீர்கள். உள்ளதைச் சொன்னால் நானும் உன் கட்சிதான், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற உன்னை விட இவளுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கடைக்குக் கூடப் போன பிறகுதான் அந்த நினைப்பு மாறியது.

கடைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்து எண்களாக அடுக்கினார். இவள் கைப்பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து, "நான் வேலை பாக்குற காட்சி இதுல இருக்குண்ணே, உங்க மெஷின்ல ஓட்டிக் காட்டுங்க, திக்காம ஓடுறதப் பாத்து வாங்கிக்கிறேன்" என்றாள். கலர் கலராக விளக்கு மினுக்குகிற ஒன்றில், நீ சொன்ன அதே கார்டுதான், காட்சி நின்று நின்று வந்தது. மூலையில் சாதுவாக இருந்த இன்னொன்றில் நடுத்தரமான கார்டு, ஆனால் மெமரி நாலு மடங்கு, டிஸ்க்கும் வேகமானதாம், அதில் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. அப்புறம் பெட்டியில் காதை வைத்து விசிறிச் சத்தம் கேட்டாள், இரைச்சலாக இருக்கிறது, மாற்றுங்கள் என்றாள், படத்தில் பேசுகிறவர் மூச்சு வாங்குவதுகூடத் தனக்குக் கேட்க வேண்டுமாம். கடையில் மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு இவளை வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அந்தப் பெருமையில் என் பர்ஸை அங்கேயே வைத்துவிட்டு வந்து திரும்பப் போய் வாங்கினேன், அப்பாவிடம் சொல்லிவிடாதே.

அந்த மெஷினில் இருந்த மாதிரியே பாகங்களைத் தனித்தனியாக வாங்கினாள். அதில் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை எடுக்கும்போது கடைக்காரர் மலிவான ஒன்றைக் காட்டி இதுவே தாராளம் என்றார். இவள் உடனே, "அதுல மட்டும் கைய வைக்காதீங்க, எங்க அண்ணன் முன்னாடியே ஒண்ணு சொல்லியிருக்கான், அதுதான் வேணும், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். உன்னிடம் இதை அவள் வாயால் ஒருநாளும் சொல்ல மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி அவளே மாட்டினாள், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கெடுவுக்கு முன்னாலேயே முதல் பாதி தயார். டைரக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். ஒரு தொழிலாளி பாலத்துக் கம்பியில் கை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார், அதை இவள் வெட்டாமல் அப்படியே விட்டிருந்தாள், அந்த இடத்தில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதியையும் நீயே முடி என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அழுதேன், அப்பா கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி நடித்தார்.

அந்த முதல் பாதியை ஞாயிற்றுக்கிழமை உனக்கும் அனுப்பியிருக்கிறாள், ஒரு வார்த்தை எழுதாமல் வெறும் லிங்க் மட்டும். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று அவள் திரையில் தெரியுமாம். வேலைக்கு நடுவில் அதைத் திறந்து திறந்து பார்க்கிறாள், என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மருமகளைக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல். எனக்குப் பதில் எழுத அவசரம் இல்லை, முதலில் அந்தப் படத்தைப் பார். உன் பெயருக்கு நேரே இன்னும் பார்க்கவில்லை என்றே காட்டுகிறது.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற அம்மா