ஒன்பதாம் கட்டில்

செவ்வாய், காலை

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. அங்கே நீ சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் இங்கிருந்து நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தபால் எதுவும் போவதில்லை. தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ அழுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்த விவரம் நடுவில் எங்கோ தொலைந்துபோகும்.

அப்பாவுக்கு மூச்சுக் கருவி வைத்து இன்றோடு ஆறு நாள். நிலைமை மோசமாகவில்லை. தேறவும் இல்லை. இந்த நோயில் தேறாமல் இருப்பதே மெதுவாக மோசமாவதுதான். இதை நோயாளிகளின் வீட்டாரிடம் நான் சொல்வதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

தினம் பதினாறு மணி நேரம் அவரைக் குப்புறப் போட்டு வைக்கிறார்கள். முதுகுப் பக்கத்து நுரையீரலுக்குக் கொஞ்சம் காற்று போகட்டும் என்று. புரட்டுவதற்கு ஆறு பேர் வேண்டும். தலைமாட்டில் ஒருவர் வாய்க்குழாயைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். மற்ற ஐந்து பேரும் அந்தக் குரலுக்குத்தான் கட்டுப்பட வேண்டும். ரயிலில் கார்டாக இருந்து முப்பத்தைந்து வருடம் கொடி காட்டிய மனிதர், இப்போது அடுத்தவன் எண்ணிக்கைக்குப் புரளுகிறார்.

நான் இருப்பது பக்கத்துக் கூடத்தில். சொந்தக்காரருக்கு யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று தலைமை டாக்டர் உத்தரவு. இரண்டு கூடங்களும் முன்பு மாணவர்களுக்கு வகுப்பு நடந்த இடங்கள். கரும்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. அதில்தான் கட்டில் எண், வயது, எந்த நாள் வந்தார் என்றெல்லாம் சாக்பீஸால் எழுதி வைக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பில் இருக்கிறோம். அரை மணி நேரத்தில் முகத்துக் கண்ணாடி மூடியில் ஆவி படிந்துவிடும். யார் யாரென்று தெரியாது என்பதால் நெஞ்சில் பேனாவால் எழுதிக்கொள்கிறோம். என் உடுப்பில் வெறுமனே 'டாக்டர்' என்று எழுதியிருக்கிறார்கள். பெரிய சிஸ்டர், இருபது வருடமாக என்னோடு வேலை செய்கிறவர், "சார், உங்க மூஞ்சியப் பாக்காம வேலை செய்றதுதான் இந்த நோயால எங்களுக்குக் கெடச்ச ஒரே நல்லது" என்றார். கூடமே சிரித்தது. அன்று காலை மட்டும் மூன்று உடல்களை மூட்டைகட்டி அனுப்பியிருந்தோம். அதனால் நானும் சிரித்தேன்.

உன் அண்ணி நலம். நான் வீட்டுக்குப் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. செவிலியர் விடுதியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். துணி காய வைக்கக் கயிறுகூட இல்லாத அறை. மகள் தினமும் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று என் அம்மா மாதிரி கேட்கிறாள்.

அம்மா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பக்கவாதம் வந்து அம்மா பதினோரு மாதம் கிடந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் போட்டவர்கள் நானும் உன் அண்ணியும். ஆறு பேர் இல்லை, இரண்டே பேர். நீ என்ன அனுப்பினாய்? நீ கட்டிய பாலத்தின் படம். அப்பா அதைக் கண்ணாடி போட்டு அம்மாவின் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "சின்னவன் பாலம் கட்றான், பெரியவன் ஊசி போட்டுத் தூங்க வைக்கிறான்" என்பார். மயக்க மருந்து நிபுணன் என்று ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. அம்மா போய்ப் பதினைந்து நாள் கழித்து நீ வந்து நின்றபோது, "வந்த வழியே போ" என்றார். ஒன்பது வருடம் உன்னோடு பேசவில்லை. ஆனால் அந்தப் படத்தை மட்டும் கழற்றவே இல்லை. தினமும் அதைத் துடைத்தது யார் என்று நினைக்கிறாய்?

போகட்டும். நேற்று மூன்று மணிக்கு நீ கேட்டுக்கொண்டபடி போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒன்பதாம் கட்டிலுக்குக் கொண்டுபோய் அவர் காதில் வைத்தேன். பதினோரு நிமிடம் பேசினாய். மன்னிப்புக் கேட்டாய் என்று நினைக்கிறேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன், எதையும் கேட்கவில்லை. மயக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்குமா என்றால், தெரியாது என்பதுதான் என் துறையின் நேர்மையான பதில். எப்படியானாலும் உனக்குப் பாரம் இறங்கியிருக்கும். ஒன்பது வருடத்தைப் பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டாய். கெட்டிக்காரன். எனக்கு அப்படி இறக்கிவைக்க யாருடைய காதும் கிடைக்கவில்லை.

இனி நீ கூப்பிட வேண்டாம். ஏதாவது இருந்தால் நானே எழுதுகிறேன்.

அண்ணன்

வியாழன், பகல்

தம்பி,

நேற்று மத்தியானத்திலிருந்து பதினேழு முறை உன்னைக் கூப்பிட்டுவிட்டேன். நீ எடுக்கவில்லை. கூப்பிடாதே என்று எழுதியவன் நான்தான். நீ எடுக்காததில் தப்பில்லை. ஆனால் இந்தக் கடிதத்தையாவது கடைசி வரி வரைக்கும் படி. பாதியில் தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றும். எறிவதைப் படித்து முடித்தபின் செய்.

முதலில் அப்பா. நேற்றிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. ரத்த அழுத்தம் விழாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தை இனிமேல் ஏற்றுவதற்கு இடமில்லை. இன்று காலை தலைமை டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இனிமே புரட்ட வேண்டாம்னு பாக்குறேன். மல்லாக்கவே இருக்கட்டும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல" என்றார். இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருவர் சொல்லும்போது, சுவரில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்று மாலையோ நாளையோ. நாளை மறுநாள் என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நான் செய்தது.

திங்கட்கிழமை நீ பேசியது அப்பாவிடம் இல்லை.

அன்று காலை ஒன்பதாம் கட்டிலில் சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன் குழாய் கசிந்திருக்கிறது. அவசரமாக அப்பாவை ஜன்னல் ஓரத்துப் பதினான்காம் கட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் குழாயைச் சரிசெய்து, வேறு ஒருவரைக் கொண்டுவந்து ஒன்பதில் போட்டிருக்கிறார்கள். அவரும் குப்புறத்தான் கிடந்தார். அவருக்கும் நரைத்த தலை. கன்னம் முழுக்க பிளாஸ்திரி, கண்ணில் பஞ்சு, வீங்கிப்போன முகம். கரும்பலகையை யாரும் அழித்து எழுதவில்லை. அடுத்த கூடத்திலிருந்து கிடைத்த சின்ன இடைவெளியில் ஓடிவந்தவன், பலகையைப் பார்த்தேன், ஒன்பது என்று போனேன், போனைக் காதில் வைத்தேன்.

கைப்பட்டையில் பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் ஊசி போட்ட ஒரு நர்ஸை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டியவன் நான். அவள் அழுதாள். இப்போது அது நினைவுக்கு வருகிறது. நான் பட்டையையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. நீ பேச ஆரம்பித்ததும் கையை மட்டும் நீட்டிக்கொண்டு மறுபக்கம் திரும்பி, ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டேன். அந்த ஜன்னல் ஓரத்தில்தான் அப்பா கிடந்தார். உன்மேல் இருந்த கோபத்தில் பெற்ற தகப்பனை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இது வெளியே வந்த விதத்தையும் கேள். கட்டிலருகே நின்ற நர்ஸ் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வந்தவள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஒன்பதாம் கட்டில்காரரின் தாளில், 'மகன் போனில் பேசினார், பதினோரு நிமிடம்' என்று ஒழுங்காக எழுதி வைத்துவிட்டாள். அவர் நேற்றுக் காலை போய்விட்டார். பஸ் டிரைவர், எனக்கு ஒரு வயதுதான் மூத்தவர். வீட்டாருக்குத் தகவல் சொல்லும் வேலை இப்போது எங்கள் பிசியோதெரபி பெண்ணுக்கு. ஆறுதலாக இருக்கட்டும் என்று அவருடைய மகளிடம், "முந்தாநாள் உங்க அண்ணன் பேசினாரும்மா, அப்பா அதைக் கேட்டிருப்பார்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கமிருந்து, "எனக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. யாருங்க பேசினது?" என்று கேட்டிருக்கிறாள் மகள்.

நான்தான் போனை வாங்கிப் பேசினேன். மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "மூணு நாளா நான் கெஞ்சினேனே சார், ஒரு நிமிஷம் அப்பா காதுல போன வைங்கன்னு. ஆள் இல்ல, நேரமில்லன்னு சொன்னீங்க. உங்க வீட்டு ஆளுக்கு மட்டும் நேரம் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். பிறகு, "எங்கப்பா கடைசியா கேட்டது எவனோ ஒருத்தன் அழுகையா?" என்றாள். அவளாகவே போனை வைத்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. குழாய் வைப்பதற்கு முன்னால், போன வாரம் புதன்கிழமை, நீ மூன்று முறை கூப்பிட்டாய். அப்பா அப்போது விழித்திருந்தார். முகமூடிக்குள்ளிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "சின்னவன் ஏதாவது கூப்பிட்டானாடா?" என்று கேட்டார். என் பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. இல்லையே என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி தாமதமானால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஒரு மணி நேரத்தில் அவரை மயக்கத்தில் போட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை உனக்கு நான் எங்கிருந்து கொண்டுவந்து தருவேன்?

நேற்று சாயங்காலம் பதினான்காம் கட்டிலுக்குப் போனேன். பட்டையைப் பார்த்தேன். அப்பாவின் பெயர்தான். வலது கையில் கொடி பிடித்துக் காய்த்த அந்த மேடும் இருந்தது. நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தபிறகு, குனிந்து நானே பேசினேன். திங்கட்கிழமை நான் எதையும் கேட்கவில்லை என்று எழுதியது பொய். ஒரு சொல் விடாமல் கேட்டேன். அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அப்பா, நான் சின்னவன் பேசறேன் என்றுதான் ஆரம்பித்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதப்ப வந்திருக்கணும்ப்பா, வேலைன்னு சொன்னது சாக்கு, அம்மாவ அந்தக் கோலத்துல பாக்கப் பயமா இருந்துச்சு என்றேன். நீங்க போன்னு சொன்னப்ப நான் போயிருக்கக் கூடாது, வாசல்லயே உக்காந்திருக்கணும் என்றேன். உன் பிள்ளைக்குத் தாத்தாவின் மூக்கு என்றும் சொன்னேன். இந்த வயதில் உன் குரலில் நான் மன்னிப்புக் கேட்டேன். மூடிக்குள் வியர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை, எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. பெரிய சிஸ்டர் பக்கத்தில் நின்றார். அவர் கேலி செய்யவில்லை.

அப்பாவிடம் ஓர் அசைவும் இல்லை. திரையில் எண்கள் அப்படியே இருந்தன. கேட்டிருக்கும் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. கடைசியில் நீ சொன்னாயே: "அப்பா, உங்களப் பாத்துக்கிட்டது அண்ணன்தாம்ப்பா, நான் இல்ல. அவன்கிட்ட ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லிடுங்க. அதுக்காகத்தான் அவன் இருபது வருஷமா எல்லார்கிட்டயும் உர்ருன்னு இருக்கான்." அங்கே வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. மூன்று முறை முயன்றேன். அதை எனக்காக நானே அவரிடம் எப்படிக் கேட்பேன், சொல்.

அவர் இனி எந்த வார்த்தையும் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் மூன்று மணிக்கு அவர் அருகில் நிற்பேன். தலைமை டாக்டரிடம் சொல்லிவிட்டேன், இன்றைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். எல்லா வீட்டாருக்கும் தினம் ஐந்து நிமிடம் என்று இன்றிலிருந்து முறை வைத்திருக்கிறார்கள். அந்த டிரைவர் வீட்டுக்கு அது உதவாது.

நாளைக்கு என்னைத் திட்டு. வாழ்நாள் முழுக்கத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். என்னோடு பேசவே வேண்டாம், அதற்கும் சம்மதம். உன் பிள்ளையும் வீட்டில் இருப்பவர்களும் நோய் நொடியில்லாமல் இருக்கட்டும்.

மூன்று மணிக்குப் போனை எடு. அந்த ஒரு வரியை மட்டும் நீ சொல்லிவிடு.

அண்ணன்