கொள்ளேகால் கூட்டத்துக்கு மல்லம்மா அக்கா வரவில்லை

மைசூர், லஷ்கர் மொகல்லா
1928 நவம்பர் 14, புதன்கிழமை

என் பிரியமுள்ள அத்தை அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் சலோமி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. அங்கே குளிர் எப்படி, கொண்டுபோன கம்பளி போதுமா என்று கேட்டு எழுதச் சொன்னார். நீங்கள் இல்லாமல் வீட்டில் சத்தமே இல்லை.

உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. அங்கே கொள்ளேகாலில் சனிக்கிழமைக் கூட்டத்தில் சாட்சி சொல்வதற்கு மல்லம்மா அக்காவை வெள்ளிக்கிழமை மோட்டாரில் ஏற்றி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அத்தை, நான் அனுப்பப்போவதில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்ன எதற்கும் நான் மாட்டேன் என்றதில்லை. ஜெபக்கூட்டத்தில் ஒரு வசனம் வாசி என்றாலே பக்கத்திலிருப்பவரிடம் வேதத்தைத் தள்ளிவிடுகிறவள் நான். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. மல்லம்மா அக்காவுக்குச் சுகமாகவில்லை. இருமினால் ரத்தம் வருகிறது.

போன வாரம் சபைக்குப் பிடியரிசி வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துப் போட்டு வைத்ததை மறக்காமல் தந்தார். ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தவருக்கு நடுவில் இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து இருமிவிட்டு, அதைச் சுருட்டிக் காலுக்கடியில் தள்ளினார். நான் பார்த்துவிட்டேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, பேடா, வேண்டாம் அம்மணி, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே, அவங்க கோயில்ல நின்னு சொன்ன வார்த்தை பொய்யாயிடும் என்றார். அம்மா என்றது உங்களை.

அறுப்பின் பண்டிகை அன்று அக்காவை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினீர்கள். ஆஸ்பத்திரி மருந்து புட்டியைத் தூக்கிக் காட்டி, ஜெபத்தில் சுகமாகிவிட்டது, இது இனி இந்த மகளுக்குத் தேவையில்லை என்றீர்கள். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. அக்கா காணிக்கையாகக் கொண்டுவந்த கோழியை ஏலம் விட்டபோது, அது ஏதோ பரிசுத்தமான கோழி என்பதுபோலப் போட்டி போட்டுக் கேட்டார்கள். அன்றைக்குக் காய்ச்சல் இல்லை என்பது மெய்தான். நானும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஆனால் அன்றோடு அக்கா மருந்தை நிறுத்திவிட்டார். படுத்திருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று மறுநாளே ஊதுபத்தி வேலைக்கும் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவர் வீட்டுக்காரர் சித்தையன் அண்ணன் தன் ஜட்கா வண்டியைப் பூட்டி, அக்காவைக் கிட்டத்தட்டத் தூக்கியே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மாள் யாரையும் ஏசவில்லை. இந்த நோய் இப்படித்தான், கொஞ்சம் தணிந்து நம்மை நம்பவைக்கும், மருந்தும் ஓய்வும் சேர்ந்து தணித்ததை இரண்டையும் விட்டுக் கிளப்பிவிட்டீர்கள் என்றார். ஊருக்கு வெளியே இருக்கும் காச நோய் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் சனிக்கிழமை வரைக்கும் அக்காவுக்காக வைத்திருக்கிறார்களாம். அதற்குள் போகாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். இப்போதே போய்ப் படுத்தால் பிழைக்க வழி இருக்கிறது, தள்ளிப்போட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அக்கா போகமாட்டேன் என்கிறார். அந்தக் கட்டிலில் படுத்தால் ஆண்டவரையும் உங்களையும் காட்டிக்கொடுத்தது போலாகுமாம். கொள்ளேகால் கூட்டத்துக்கு நீங்கள் கூப்பிட்டிருப்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. வெள்ளைப் புடவையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறார். சாட்சி சொல்லும்போது இருமல் வராமலிருக்க மிளகு கடித்துப் பழகுகிறார், அத்தை.

அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அக்கா, உங்களுக்குச் சுகமாகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டது. நாலாங்கிளாசோட நின்ன பொண்ணு, உங்க அத்தையை விட உனக்கு வேதம் அதிகமாத் தெரிஞ்சுபோச்சா என்று கேட்டார். நான் எழுந்து வந்திருப்பேன். அதற்குள் அவரே அழ ஆரம்பித்துவிட்டார். சுகமாகலைன்னா என் விசுவாசத்துல குறையா, இல்லே ஆண்டவருக்கு நான் வேண்டாதவளா, எதுன்னு சொல்லு என்றார். இரண்டும் இல்லை என்றேன். நீ சொன்னா ஆச்சா, அம்மா வந்து சொல்லட்டும் என்றுவிட்டார்.

சித்தையன் அண்ணன் வாசலில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கோழி போச்சு, மருந்து போச்சு, இனி ஆளும் போகோணுமா, உங்க சாமி பேரு கெட்டுப்போகாம இருக்க என் பொண்டாட்டி சாகோணுமா, கேட்டு எழுது அம்மணி என்றார். நீங்கள் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிரித்து நழுவுகிறவர், இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அத்தை, நீங்கள் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் வேதப் புத்தகத்தோடு ஒவ்வொரு சந்தாக ஏறி இறங்கினீர்கள். கதவைச் சாத்தினார்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் சாணித் தண்ணீர் தெளித்தார்கள். ஒருநாளும் யாரையும் குறை சொல்லவில்லை நீங்கள். மல்லம்மா அக்கா ஒருவர்தான் உள்ளே வாங்கம்மா என்று பாய் போட்டார். அவருக்குக் காய்ச்சல் இறங்கியதும் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அன்று இரவு நீங்கள் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அவசரப்பட்டுவிட்டீர்கள். டாக்டரம்மாளைக் கேட்காமல் சொல்லிவிட்டீர்கள். ஜெபித்தது சரி, அத்தை. புட்டியைத் தூக்கிக் காட்டியது சரியில்லை. இதைவிட மெதுவாக எழுதலாமா என்று யோசித்தேன். மெதுவாக எழுதினால் நீங்கள் கூட்டத்தை முடித்துக்கொண்டு அடுத்த வாரம்தான் வருவீர்கள்.

போகும் வழியில் கௌதள்ளி ஊரிலும் இந்தச் சாட்சியைச் சொன்னதாகவும், கேட்டவர்கள் அழுததாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே அழுதவர்களில் நோயாளி யாராவது வீட்டுக்குப் போய் மருந்தைக் கொட்டியிருந்தால் என்ற பயமும் எனக்கு வந்துவிட்டது.

நம் சபை ஐயரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் பிரசங்கத்தில் சொல்லி, நாலு பேர் உங்களைத் திரும்பிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. அப்பாவிடமும் இதுவரை சொல்லவில்லை. ஐயரே போய்ச் சொன்னாலும் அக்கா கேட்கமாட்டார். உங்கள் வாயிலிருந்து வந்த சொல்லை நீங்கள்தான் திரும்ப எடுக்க முடியும்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் இல்லை என்று சொல்லுங்கள். அவர் என்னைக் கேட்ட கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள். நான் சொன்ன இல்லை என்பது அவருக்குப் போதவில்லை.

தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ என்று இந்தக் கடிதத்தைச் சித்தையன் அண்ணனிடமே கொடுத்தனுப்புகிறேன். வண்டியை நிறுத்திவிட்டு நாளைக் காலை மோட்டாரில் வருகிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கோழியைப் பத்தி எழுதினியா என்று மட்டும் கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன். உங்களைப் பார்த்ததும் சத்தம் போட்டாலும் போடுவார். பொறுத்துக்கொண்டு அவரோடேயே ஏறி வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் இங்கே இருந்தால் மறுநாள் காலையில் அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். கொள்ளேகால் கூட்டத்தாருக்கு என்ன சொல்வது என்பது உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு எழுதியதற்காக என்மேல் கோபம் வரும். வந்தால் வரட்டும், கோபத்தோடேயே வாருங்கள். நம் வீட்டுக்கு வராமல் நேரே மல்லம்மா அக்கா வீட்டுக்குப் போங்கள். பிறகு என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி. நீங்கள் வரும்வரை உங்கள் பங்குச் சோற்றை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்களைப் பத்திரமாக வழிநடத்தும்படி ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

என்றும் உங்கள் பிள்ளையாகிய,
சலோமி