நாளைய கோடு

மார்ச் 4
இன்று முதல் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தை நாங்களே தேர்ந்துகொள்ளலாம். அந்த நிறுவனம் நாளைய மின்சாரத்தை இன்றே சந்தையில் வாங்கிவைக்க வேண்டும். மீட்டரோடு ஒரு சிறு திரையும் கொடுத்திருக்கிறார்கள். நாளை எங்களுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று அதில் ஒரு கோடு.

மனைவிக்கு விளக்கினேன். "ஹாஸ்டல் சமையல்காரர் மாதிரி. நாளைக்கு எத்தனை பேர்னு இன்னைக்கே பாத்து வாங்கணும். குறைஞ்சா, கடைசி நேரத்துல யானை விலை."

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சிரித்தாள். "அப்போ நாளைக்கு நான் இருப்பேன்னு எவனோ காசு கட்டியிருக்கான், வாத்தியாரே."

உண்மைதான். கோட்டில் பாதிக்கு மேல் அவளுடைய ஆக்சிஜன் இயந்திரம்.

மார்ச் 11
கோடு ஒரு நாளும் தப்பவில்லை. மதியம் நான் அயர்வதுகூட அதற்குத் தெரிகிறது.

மார்ச் 18
நாளைய கோடு காலை பதினோரு மணிக்கு விழுந்து கிடக்கிறது. குறைவது சரியாக இயந்திரம் இழுக்கும் அளவு. அவளிடம் சொல்லவில்லை.

நிறுவனத்துக்கு போன் செய்தேன். "கம்ப்யூட்டர் போடறது சார், நாங்க தொடறதில்ல," என்றாள் போனை எடுத்த பெண்.

குறைத்து வாங்கினால் நஷ்டம் அவர்களுக்குத்தானே? எதைத் தெரிந்துகொண்டு துணிகிறார்கள்?

மார்ச் 19
பதினோரு மணிக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படிப் பிடிக்கல," என்றாள். பதினொன்றரை. மூச்சு சீராக இருந்தது.

நாளைக்கும் அதே பதினோரு மணி.

மார்ச் 23
தினமும் அதேதான். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு கொடுத்தேன்.

"கோடு விழுந்தாலும் கரண்ட் நிக்காது சார்," என்றார் அதிகாரி. "குறையறதை என்ன விலை ஆனாலும் வாங்கித் தந்தாகணும். விதி அது."

"தெரியும். ஒரு மனுஷியைக் கழிச்சுட்டு நாளைக்கு ஏற்பாடு பண்றாங்களே, அதுக்கு விதி இருக்கா?"

பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

ஏப்ரல் 2
ஆணை வந்துவிட்டது. உயிர்காக்கும் இயந்திரம் ஓடும் வீட்டில், வீட்டார் எழுதிக் கொடுக்காமல் கோட்டைக் குறைக்கக் கூடாது. கோடு நிமிர்ந்துவிட்டது. இப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மறுகூட்டல் போட்டு என்னைப் பாஸ் பண்ண வச்சுட்டீங்க."

ஏப்ரல் 9
பதினோரு மணிக்கு. கை என் கையில்தான் இருந்தது.

ஏப்ரல் 21
நிறுவனத்துப் பெண் கூப்பிட்டாள். "உங்க வீட்டுக் கோடு இந்த மாசம் துளிகூடத் தப்பல சார். மேடம் நல்லா இருக்காங்களா?" நான் வாய் திறப்பதற்குள், "சந்தோஷம் சார்" என்று வைத்துவிட்டாள்.

அவள் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் மேஜைமேல் இருக்கிறது. ஒரு வரி போதும். எத்தனை பிள்ளைகளுக்கு விடுப்புக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான்.

நாளைக்கும் அவளுக்காக வாங்கிவிட்டார்கள். வாங்கியது வீணாகலாமா? இயந்திரம் ஓடுகிறது. குழாயைத் தலையணைமேல் சரியாக வைத்திருக்கிறேன்.