கீச்சிடும் பிரேக்கும் என் காதும்

என்னங்க,

பிரேக் போட்டால் கார் கீச்சென்று கத்துகிறது என்று ஒரு மாதமாகச் சொன்னேன். நீங்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, “உன் காதுலதான் கோளாறு” என்றீர்கள். காது டாக்டரிடம் எனக்கு நேரமும் வாங்கிவிட்டீர்கள்.

இன்று காலையில் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிரேக் பேட் தீக்குச்சி கனம்கூட இல்லை. அப்படித் தேய்ந்தால் கத்துவதற்கென்றே அதில் ஒரு தகடு வைத்திருக்கிறார்களாம். “இன்னும் விட்டிருந்தா டிஸ்க்கையே தின்னிருக்கும்மா” என்றார். அந்தக் காரில்தான் நம் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுவிடுகிறோம்.

புதுசு மாட்டியாயிற்று. பழைய பேட் உங்கள் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது, நன்றாகப் பாருங்கள். சாப்பாடு அடுப்பின்மேல்; சூடுபண்ணிக்கொள்ளுங்கள். காரை நான் எடுத்துப்போகிறேன், சாவியைத் தேடாதீர்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: டாக்டர் நேரம் இன்று மாலை ஐந்து மணி. அதை வீணாக்குவானேன்? உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டேன். பஸ்ஸில் போய்வாருங்கள்.