என் தங்கச்சி வளைத்த சுரங்கம்

என் அன்பான வசந்தி,

நேற்று உன் சுரங்கத்துக்குள் தண்ணீர் விட்டார்கள். அதை உனக்குச் சொல்லத்தான் இன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்து எழுதுகிறேன். பெட்ரோல் ஸ்டேஷனில் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் அதற்கு முதலில் எனக்கு நல்ல பேச்சு விழுந்திருக்கும்.

உன் கம்பனி அம்மாவுக்கும் எனக்கும் அழைப்பு அனுப்பியிருந்தது. நீ போய் இது மூன்றாவது மாரி, இருந்தும் அவர்கள் மறக்கவில்லை, பார்த்தாயா? அம்மா காஞ்சிபுரம் சேலைக்கு மேல் என்னுடைய தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு மோர்டனில் என்னோடு ரெயில் ஏறினார். வழி முழுக்க, திரும்பிப் போவோமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. அவர்களுக்காக முதலில் இருந்து சொல்லுகிறேன், குறுக்கே கதைக்காதே.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நாங்கள் லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது, எங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்றால் டாக்குத்தர், எஞ்சினியர், எக்கவுண்டன், அவ்வளவுதான். நீ மண்ணும் கல்லும் படிக்கப் போகிறேன் என்றாய். அதிலும் பனி உறைந்த நிலம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஐஸ் என்றால் ஐஸ்பழம்தானே? கலியாண வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா உன்னை எஞ்சினியர் என்றே சொல்லிச் சமாளித்தார். நான் உன்னை 'பனிக்கூழ்' என்று பகிடி பண்ணினேன். நீ சிரித்துவிட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுவிடுவாய்.

பிறகு ஒரு கோடையில் பல்கலைக்கழகம் உன்னைக் கனடாவின் வடக்கு ஓரத்துக்கு அனுப்பியது. அங்கேயிருந்து ஒருநாள் ரெலிபோன் எடுத்தாய். மேலே ஒரு முழம் மண் மட்டும் கோடையில் இளகுமாம், அதற்குக் கீழே நிலம் எந்தக் காலத்திலும் உருகாதாம். கீழிருந்து முட்டிக்கொண்டு வருகிற தண்ணீர் உள்ளேயே உறைந்து, நிலத்தை மேலே தள்ளி மலை போல எழுப்புமாம். அந்த மேட்டுக்கு அங்கத்தைய மக்கள் வைத்த பெயர் பிங்கோ. நீ அதன் உச்சியில் ஏறி நின்றுவிட்டு வந்திருந்தாய். "அண்ணை, நிலம் பிள்ளைத்தாச்சி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு கிடக்கு," என்றாய். இரத்தம் குடித்த நுளம்புகளைப் பற்றியும் நிறையச் சொன்னாய்.

லண்டனிலும் ஒரு காலம் அப்படித்தான் இருந்தது என்று நீ சொன்னபோது நான் நம்பவே இல்லை. பனியுகத்தில் பெரும்பனிப் பாளம் வடக்கு லண்டனோடு நின்றுவிட்டதாம், இங்கே தெற்கில் நிலம் மட்டும் பாறை போல உறைந்து கிடந்ததாம். பனியுகம் முடிய, அப்படி எழும்பின மேடுகளுக்குள் இருந்த ஐஸ் உருகி, அந்த இடங்கள் குழி விழுந்து, குழிக்குள் சரளையும் மணலும் தண்ணீரும் நிறைந்து மூடிப்போயிற்று. மேலே ரோட்டும் கடையும் பாடசாலையும் வந்துவிட்டன. இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. லண்டன் களிமண் இறுக்கமானது, அதற்குள் சுரங்கம் தோண்டுவது சுகம். ஆனால் தோண்டிக்கொண்டு போகிறவர்கள் அப்படி ஒரு குழிக்குள் தலையை நீட்டினால் என்ன நடக்கும்?

உன் வேலை அதைப் பார்ப்பதுதான். குடிநீர் கொண்டுபோகிற பெரிய சுரங்கத்துக்காக வழி நெடுகத் துளை போட்டுக் களியை எடுத்துப் பார்த்தாய். ஓரிடத்துக் களி உனக்குப் பிடிக்கவில்லை. மட்டமாகப் படிந்திருக்க வேண்டியது கசங்கித் தெரிந்தது, கீழே அப்படி ஒரு குழி இருக்கலாம் என்று சந்தேகப்பட்டாய். ஈரக் களியில் அது சரியாகத் தெரியாது, இரண்டாகப் பிளந்து மெல்லக் காயவிட வேண்டும், காயக் காய உள்ளே இருக்கிற மெல்லிய மணல் வரிகள் முதலில் வெளிறி, கோடு போட்டது போல எழும்பி வரும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். வார இறுதியில் உன் வேலைக் கந்தோரில் ஹீற்றரை நிற்பாட்டிவிடுவார்கள் என்று, மேலாளரிடம் கேட்டு அந்தத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினியில் அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலடியில் ஒரு தட்டில் அடுக்கி வைத்தாய்.

அடுத்த நாள் தைப்பொங்கல். அதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

லண்டனுக்கு வந்த நாள் முதல் அம்மாவுக்கு ஒரு குறை. பொங்கலுக்குப் பிள்ளையார் பிடிக்கச் சாணம் இல்லை. மஞ்சளில் பிடித்தாலும் அவருக்கு மனம் நிறைவதில்லை. விடிய எழும்பினவர் ஜன்னலடியில் நல்ல களியைக் கண்டார். மகள் பொங்கலுக்கென்றே கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். தண்ணீர் தெளித்து, எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் குழைத்து, அழகான பிள்ளையார் ஒன்று பிடித்து, பார்க்கில் பிடுங்கிய புல்லைத் தலையில் குத்தி, பொட்டும் வைத்துவிட்டார். நீ கீழே இறங்கி வரும்போது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். வெளிறிப்போயிற்று. நீ தட்டைப் பார்த்தாய், பிள்ளையாரைப் பார்த்தாய், பிறகு கைகூப்பிக் கும்பிட்டாய். பொங்கலையும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாய். விஷயம் அம்மாவுக்குப் பின்னேரம் என் வாயால்தான் தெரியவந்தது. அன்று தொடங்கிய அழுகை, என்ர பிள்ளையின்ர வேலையில மண்ணைப் போட்டிட்டன் என்ற புலம்பல், நீ எவ்வளவு சொல்லியும் அடங்கவில்லை.

திங்கட்கிழமை நீ போய் மேலாளரிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாய். அம்மா அதைக் கடவுளாக்கிவிட்டார் என்றே சொன்னாயாம். அங்கே சிரிப்பு அடங்க நேரம் பிடித்ததாம். சிரித்து முடிய அவர் கேட்டது நியாயமான கேள்விதான். களி இல்லை, இனி உன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அந்த இடத்தில் இன்னொரு ஆழமான துளை போடச் சொல்கிறாயா? ஏற்கனவே வேலை பிந்திப் போயிருந்தது. நீ ஓம் என்றாய். கீழே ஒன்றும் இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தாய்.

அன்றைக்கு நான் உன்னோடு கொழுவினேன், ஞாபகம் இருக்கா? விசா இழுபறியில் கிடக்குது, வீட்டுக் கடன் கிடக்குது, உனக்கேன் இந்த வில்லங்கம் என்று கத்தினேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாய்:

"அண்ணை, சுரங்கத்துக்குள்ளை நிண்டு தோண்டுறது ஆரோ பெத்த பிள்ளையள். தண்ணி வந்தா அவங்களுக்கு ஓட இடமில்லை."

உன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டேன்.

துளை போட்ட அன்றைக்கு மழை. மஞ்சள் கோட்டுக்குள் நீ பாதிதான் தெரிந்திருப்பாய். களி வர வேண்டிய ஆழத்தில் களி வரவில்லை. பெட்ரோல் ஸ்டேஷனுக்கு ரெலிபோன் எடுத்தாய். பின்னால் மெஷின் இரைச்சல். "அண்ணை, சரளை வருது. இன்னும் வருது. முடியேல்லை," என்றாய். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. கல்லாவில் காசு கொடுக்க வந்த வெள்ளைக்காரரிடம் 'என் தங்கச்சி, என் தங்கச்சி' என்று சொன்னேன். அவர் உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று நினைத்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

குழியை விட்டு விலகிப் போகும்படி சுரங்கத்தை வளைத்தார்கள். வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாய். நேராக வந்த கோடு அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கிப் போயிற்று. அதைத் தோண்டத் தொடங்கின வருடம்தான் உன் மார்பில் அந்தப் பாழ்பட்ட புற்று வருத்தம் கண்டது. தோண்டி முடிக்கும்வரை நீ இருக்கவில்லை. அதைப் பற்றி இன்றைக்கு எழுத மாட்டேன். எனக்கு ஏலாது.

சரி, நேற்றைய கதைக்கு வாறேன். திறப்பு விழாவில் உன் மேலாளர் நேரே அம்மாவிடம் வந்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்தக் களிக்கதையைத்தான் எடுக்கப் போகிறார் என்று எனக்கும் விளங்கியது. எடுத்தார்தான். களி கைதவறி விட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், உங்கள் மகள் சொல்லவில்லை, சிரிப்பார்கள் என்று தெரிந்தும் நடந்ததை நடந்தபடி சொன்னாள், அதனால்தான் குழியைப் பற்றி அவள் சொன்னதையும் நம்பினேன் என்றார். நான் தமிழில் சொன்னேன். அம்மா என்னை நம்பவில்லை. "இன்னொருக்கால் சொல்லச் சொல்லு, தம்பி," என்றார். அந்த மனிதர் பொறுமையாக முழுவதையும் திரும்பச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே என் கையை விட்டார்.

பிறகு ஒரு ஆள் வந்தார், அயர்லாந்துக்காரர், அந்த வளைவைத் தோண்டிய கூட்டத்தில் ஒருவர். வளைவில் வேலை செய்தபோது பக்கவாட்டில் துளைத்துப் பார்த்தார்களாம், மறுபக்கத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்ததாம், உடனே அடைத்தார்களாம். நேராகப் போயிருந்தால் நாங்கள் அதற்குள்தான் போயிருப்போம் என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே, அந்த ஆளின் தலையைத் தடவி "நல்லா இரு ராசா," என்றார். அவருக்கு விளங்கியது.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று, வசந்தி. ஒளிப்பானேன், பெருமை தாங்க முடியவில்லை. ஆனால் கோபமும் வந்தது. சுவரில் பித்தளைப் பலகை பதித்திருக்கிறார்கள், மேயரின் பெயர், கம்பனியின் பெயர், திறந்து வைத்த பெரிய மனிதரின் பெயர். உன் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று நான் வாயைத் திறக்கப் போக, அம்மா தடுத்துவிட்டார். அந்த அயர்லாந்துப் பொடியன் உயிரோடை வீட்டை போறான், அது காணும், அது போதும் என்றார். அம்மாவுக்குக் காணும். எனக்குக் காணாது.

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது, இனி ஒருவரும் உள்ளே போய்ப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வரைபடம் இருக்கும், அதைப் பார்க்கிறவர்கள் நேராக வந்த சுரங்கம் ஏன் இங்கே ஒதுங்கிப் போகிறது என்று கேட்பார்கள். என் உயிர் இருக்கும்வரை நான் சொல்வேன், எனக்குப் பிறகு என் பிள்ளைகள் சொல்லுவார்கள்: வசந்தி வேண்டாம் என்றாள், அதனால்.

என்றும் உன்,
அண்ணை குகன்
மோர்டன்